ஆர்வில் ஹாகன் பார்த்த கார்களும் மார்லிஸ் வாங்கிய காரும்

லின்டால் ஊரில் பழைய கார் என்று யாராவது பேச்செடுத்தால் அடுத்ததாக வருகிற பெயர் ஆர்வில் ஹாகன்தான். ஆனால் அவரிடம் பழைய கார் எதுவும் கிடையாது. பதினோரு வருடம் அவர் தேடினார். மேற்கு அயோவாவிலும், ஆற்றுக்கு அந்தப் பக்கம் நெப்ராஸ்காவிலும் விற்பனைக்கு வந்த முக்கால்வாசி பழைய கார்களின் அடியில் படுத்துப் பார்த்தார். எழுந்து, முதுகில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டு, விற்பவருக்கு நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தார்.

ஊர்த் தண்ணீர் நிலையத்தில் அவருக்கு வேலை. கிணற்றிலிருந்து ஏறுகிற தண்ணீரைச் சோதித்து, குளோரின் கலந்து, உயரத் தொட்டிக்கு அனுப்ப வேண்டும். கண்ணாடிபோலத் தெளிந்திருக்கும் தண்ணீரைப் பார்த்து, இதில் என்ன இருக்கிறதோ என்று சந்தேகப்படுவதற்காகவே ஊர் அவருக்குச் சம்பளம் கொடுத்தது. வேலையை அவர் நன்றாகச் செய்தார். அவர் காலத்தில் லின்டாலில் தண்ணீரால் ஒருவருக்கும் வயிற்றுப்போக்கு வந்ததில்லை. ஆனால் அந்தச் சந்தேகத்தைச் சாயங்காலம் நிலையத்திலேயே பூட்டிவைத்துவிட்டு வர அவரால் முடியவில்லை. உணவகத்தில் கரண்டியைத் துடைத்துவிட்டுத்தான் சூப்பில் வைப்பார். குளிர்காலக் கையுறையை வாங்கினால் தையலை உள்பக்கமாகத் திருப்பிப் பார்ப்பார்.

கார் ஆசை எங்கிருந்து வந்தது என்று நான் ஒருமுறை கேட்டேன். எதிர்வீட்டில் குடியிருந்ததால் அந்த அளவுக்குக் கேட்கலாம். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, முன்சீட்டு முழுநீளப் பெஞ்சாக இருக்க வேண்டும், அதுதான் விஷயம் என்றார். வேறு விளக்கம் இல்லை. கண்காட்சித் திடலில் காரை நிறுத்தி, எஞ்சின் மூடியைத் திறந்துவைத்து, பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்காரும் ஆட்களை அவருக்குப் பிடிக்காது. ரொட்டி வாங்கப் போகவும், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகவும், கோடையில் கண்ணாடியை இறக்கி முழங்கையை வெளியே வைத்துக்கொண்டு போகவும் ஒரு கார். அவ்வளவுதான்.

அதற்கு அவரிடம் ஒரு திட்டமும் இருந்தது. இரண்டு கதவு வைத்ததையும் கூரை மடங்குகிறதையும் பணக்காரர்கள் சுற்றி வளைத்துவிடுவார்கள். அந்தப் பக்கமே போகக் கூடாது. நான்கு கதவுக் கார், இல்லையென்றால் பின்பக்கம் நீண்ட ஸ்டேஷன் வேகன். அவற்றை யாரும் சீந்துவதில்லை. எட்டு சிலிண்டர் வேண்டாம், ஆறு போதும். ஓடாததை வாங்கி ஓடவைக்கிற வேலை வேண்டவே வேண்டாம். இப்படிப் பார்த்தால், தண்ணீர் நிலையச் சம்பளக்காரனும் ஒரு பழைய அமெரிக்கக் காருக்குச் சொந்தக்காரனாகலாம். திட்டத்தில் ஒரு பிழையும் சொல்ல முடியாது. லைல் பெக்கரும் அதைத்தான் சொல்லுவார்: திட்டம் நன்றாக இருக்கிறது, ஆளைத்தான் மாற்ற வேண்டும் என்று. லைல் ஊருக்கு வெளியே சோளம் போடுகிறவர். பள்ளிக்கூட நாளிலிருந்து ஆர்விலின் நண்பர்.

சனிக்கிழமை காலையில் ஆர்விலும் அவர் மனைவி மார்லிசும் கிளம்புவார்கள். இலவச விளம்பரப் பத்திரிகையில் வட்டமிட்ட விலாசத்துக்கு மார்லிஸ் வழி சொல்ல, ஆர்வில் தன்னுடைய பழுதில்லாத, ருசியில்லாத புதுக்காரை ஓட்டுவார். போய் இறங்கியதும் டிக்கியிலிருந்து ஒரு கந்தல் கம்பளம், ஒரு டார்ச், பழைய காலுறைக்குள் போட்ட ஒரு காந்தம் மூன்றும் வெளியே வரும். காலுறை எதற்கென்றால், காந்தம் பெயின்ட்டைக் கீறிவிடக் கூடாது. காந்தம் ஒட்டினால் அடியில் தகடு இருக்கிறது. ஒட்டாமல் வழுக்கினால் துருவை மறைத்துப் பட்டி பூசியிருக்கிறார்கள். அவர் வீல் வளைவுகளையும் கதவின் கீழ் விளிம்புகளையும் ஒவ்வொரு விரற்கடையாகத் தடவுவார். பிறகு கம்பளத்தை விரித்து அடியில் போவார்.

அந்த நேரத்தில் மார்லிஸ் விற்பவரின் வீட்டுச் சமையலறையில் இருப்பார். அந்த வீட்டம்மா காப்பி ஊற்றித் தருவார். அடுப்பில் சுட்ட ஏதாவது ஒரு துண்டு வரும். இப்படி மார்லிசுக்குச் சுற்றுவட்டாரத்தில் நாலு கவுன்டியில் தெரிந்த வீடுகள் ஆயின. யார் மகனுக்கு விவாகரத்து, யார் வீட்டில் பன்றி விலை விழுந்ததால் டிராக்டரை விற்றார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். சில பெண்கள் கிறிஸ்துமசுக்கு வாழ்த்து அட்டைகூட அனுப்பினார்கள். கார் மட்டும் வீட்டுக்கு வரவில்லை.

"இன்னும் பாப்போம்" என்பார் ஆர்வில், திரும்பும் வழியில். ஒரு காரில் அடிச்சட்டத்தைத் துரு அரித்திருக்கும். ஒன்றில் எஞ்சின் எண்ணெய் தண்ணீர் கலந்து பால்போல் வெளுத்திருக்கும். ஒன்றில் எல்லாம் சரியாக இருந்தும் விற்பவர் சிரிப்பு சரியாக இருக்காது.

கூட்டுறவுச் சங்கத்தின் காப்பி மேசையில் இதுதான் வெகுகாலம் பேச்சு. லைல் ஒருநாள் எல்லோர் முன்னாலும் கேட்டார், "ஆர்வில், எனக்கு ரொம்ப நாளா ஒரு டவுட்டு. கல்யாணத்துக்கு முன்னாடி மார்லிசையும் காந்தம் வச்சுப் பாத்தியா?"

"பாக்கல. அவதான் என்னைப் பாத்தா" என்றார் ஆர்வில், கோப்பையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கேலி செய்த லைலே ஒரு வசந்தகாலத்தில் சிவப்பும் வெள்ளையுமாக மின்னிய ஒரு காரை நெடுஞ்சாலை ஓரத்துக் கார் வியாபாரியிடம் வாங்கி வந்தார். ஆர்விலிடம் சொல்லாமல் போய் வாங்கினார். மழைக்காலம் முடிவதற்குள் பின்கதவுக்குக் கீழே பெயின்ட் கொப்பளித்து, பட்டி பாளம் பாளமாக விழுந்தது. கதவைச் சாத்தினால் கையளவு விழும். வியாபாரி கடையைக் காலி பண்ணிக்கொண்டு வேறு மாநிலத்துக்குப் போயிருந்தான். ஆர்வில் ஒரு வார்த்தையும் குத்திப் பேசவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவர் காந்தத்தோடு செலவழிக்கும் நேரம் கூடிப்போனது.

நடுவில் ஒரே ஒரு தடவை அவர் வாங்குகிற இடத்துக்கு மிக அருகில் போனார். நெப்ராஸ்காவில் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியையின் கார். சாம்பல் நிறம், நான்கு கதவு, அறுபத்து மூன்றாம் வருட ஷெவர்லே. முதல் நாளிலிருந்து ஒரே கை ஓட்டியது. பனிக்காலத்தில் வெளியே எடுத்ததே இல்லை. ஆர்வில் அடியில் போய் வெகுநேரம் வரவில்லை. வந்தபோது சொல்வதற்கு ஒரு குறைகூட இல்லாமல் நின்றார். விலையும் அவர் கைக்குள்தான் இருந்தது. ஒரு ராத்திரி யோசித்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். ஆசிரியை, தாராளமாக என்றார். மறுநாள் காலையில் தொலைபேசியில் கேட்டபோது, முந்தின நாள் சாயங்காலமே தன் தேவாலயத்தைச் சேர்ந்த ஒருவர் வாங்கி ஓட்டிக்கொண்டு போய்விட்டதாகச் சொன்னார்.

அந்தத் தொலைபேசியை ஆர்வில் வைத்தபோது மார்லிஸ் பக்கத்தில் நின்று தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிற்பாடு அவர் என்னிடம் சொன்னது: "மூஞ்சி தொங்கிப்போகும்னு நெனச்சேன். தொங்கல. பல் டாக்டர்கிட்ட போனவன் டாக்டர் இன்னிக்கு லீவுன்னு கேட்டா எப்படி இருப்பான், அப்படி இருந்தான்."

மார்லிசின் வேலை வேறு மாதிரியானது. ஊர் எல்லையில் கால்நடை ஏலக்கொட்டகை இருக்கிறது. அங்கே ஏலக்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த மாடு யாருக்கு, என்ன விலைக்கு என்று பதிவு செய்கிறவர் அவர். மாடு உள்ளே வரும், அரை வட்டம் சுற்றும், மூன்றாவது வரிசையில் ஒருவர் தொப்பியின் விளிம்பைத் தொடுவார், மாடு விற்றாகிவிடும். அடுத்த மாடு வந்துவிடும். ஒரு குடும்பத்தின் வருட வருமானம் தும்மல் போடுகிற நேரத்தில் கைமாறுவதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்த பெண், சனிக்கிழமைகளில் ஒரு மனிதர் ஒரு மட்கார்டைத் தடவுவதைப் பொறுமையாகப் பார்த்தார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சண்டையும் அதிகம் இல்லை.

ஏலக்கொட்டகை வேலையோடு, பண்ணை வீடுகளில் சாமான் ஏலம் நடந்தால் அங்கேயும் பதிவு எழுத மார்லிஸ் போவது உண்டு. ஆர்வில் தேட ஆரம்பித்த பதினோராவது வருடம், ஜூனில் ஒரு வியாழக்கிழமை, ஒரு பண்ணையில் ஏலம். வயதான சகோதரர்கள் இருவர், ஒருவர் பின் ஒருவராக இறந்துபோய், உறவுக்காரர்கள் எல்லாவற்றையும் விற்றார்கள். ஏர், பால் கறக்கும் இயந்திரம், கோழிக்கூண்டுகள், கட்டில்கள். மத்தியானத்துக்கு மேல் வைக்கோல் கொட்டிலின் கதவைத் தள்ளித் திறந்து உள்ளே இருந்த காரை வெளியே ஓட்டி வந்தார்கள். வெளிர்பச்சை ராம்ப்ளர். அறுபத்து நாலாம் வருடத்து ஸ்டேஷன் வேகன். கூரை முழுக்கப் புறா எச்சம். முன்சீட்டில் பெஞ்சு நீளத்துக்கு ஒரு குதிரைப் போர்வை விரித்திருந்தது. கியர்க்கோல் ஸ்டியரிங் தண்டோடு இருந்தது. புகை கொஞ்சம் நீலமாக வந்தது.

ஏலம் கேட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் பழைய இரும்புக் கடைக்காரர், சீக்கிரமே விலகிக்கொண்டார். மற்றவன் திரண்ட தோளும் குட்டை முடியுமாக இருந்த ஒரு வாலிபன். கவுன்டிப் பொருட்காட்சியில் வருடா வருடம் பழைய கார்களைச் சேற்றில் ஒன்றோடொன்று மோதவிட்டு, கடைசியாக எது நகர்கிறதோ அது ஜெயித்தது என்று ஒரு பந்தயம் நடக்கும். அதற்கு நீளமான வேகன்தான் தோது. பின்பக்கத்தால் இடிக்கலாம். வாலிபன் தன் கூட்டாளியிடம், கண்ணாடியை எல்லாம் இன்றைக்கே உடைத்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தது மார்லிஸ் காதில் விழுந்தது.

ஏலக்காரர் மூன்றாம் தடவை சொல்லப் போகும்போது மார்லிஸ் பேனாவை உயர்த்தினார்.

ஏலக்காரர் நிறுத்தினார். "மார்லிஸ், நீ எழுதுறியா, கேக்குறியா?"

"ரெண்டும்."

கூட்டம் சிரித்தது. வாலிபன் ஏற்றினான். மார்லிஸ் ஏற்றினார். அவன் திரும்பிப் பார்த்து, "ஆன்ட்டி, உங்களுக்கு எதுக்கு இது?" என்றான். மரியாதையாகத்தான் கேட்டான்.

"ஓட்டுறதுக்கு" என்றார் மார்லிஸ்.

அவனுக்கு அந்தப் பதில் விளங்கவில்லை. ஆனாலும் இன்னும் ஒருமுறை ஏற்றினான்; மார்லிஸ் அதற்கும் மேலே போனதும் கையை இறக்கிக்கொண்டான். எழுதுகிறவரே வாங்கியதால் முறைக்கு வேறொருவரைக் கொண்டு அந்த வரியை எழுதவைத்தார்கள். மார்லிஸ் காருக்கு அடியில் குனியவில்லை. எஞ்சின் மூடியைத் திறக்கவில்லை. ஏலம் முடிந்ததும் குதிரைப் போர்வையை உதறிப் போட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தார். பதினாறு வயதில் அப்பாவின் வண்டியில் இதே மாதிரிக் கியர் போட்டது கைக்கு ஞாபகம் இருந்தது. மெதுவாக ஓட்டி வந்தார். வழியில் இரண்டு இடத்தில் நின்றுபோனது.

ஆர்வில் முன்புறத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்தார். கார் உள்ளே திரும்பியதும் இயந்திரத்தை நிறுத்தினார். நான் என் வீட்டு வாசலில் தபால் எடுத்துக்கொண்டிருந்தேன்; எடுத்து முடித்தும் உள்ளே போகவில்லை.

"யாரோடது?" என்றார்.

"என்னோடது."

அவர் காரை ஒரு சுற்று சுற்றி வந்தார். பிறகு வீட்டுக் கார்க் கொட்டகைக்குப் போய்க் கம்பளத்தையும் டார்ச்சையும் எடுத்து வந்தார். மார்லிஸ் உள்ளே போய்ச் சமைக்க ஆரம்பித்தார். ஆர்வில் அடியிலிருந்து வெளியே வந்தபோது சாப்பாடு ஆறியிருந்தது. கை கழுவாமல் வாசற்படியில் நின்றபடியே சொன்னார். ஓட்டுநர் பக்கம் தரை ஓட்டை. பின்பக்க ஸ்பிரிங் தொங்குமிடம் அரித்திருக்கிறது. எஞ்சினில் மூன்று இடத்தில் எண்ணெய் கசிகிறது. பிரேக் குழாயை யாரோ கம்பி வைத்துக் கட்டியிருக்கிறார்கள். சைலன்சர் பெயருக்குத்தான் இருக்கிறது. வைப்பர் மின்சாரத்தில் ஓடுகிறதில்லை, எஞ்சினின் உறிஞ்சலில் ஓடுகிறது. மேட்டில் ஏறினால் வைப்பர் நின்றுவிடும்.

"நான் விட்டுட்டு வந்த எல்லாத்தையும்விட இது மோசம், மார்லிஸ்."

"தெரியும்."

"அடியில பாத்தியா?"

"இல்ல."

"ஏன் பாக்கல?"

மார்லிஸ் அடுப்பை அணைத்தார். குரலை உயர்த்தவில்லை என்பதை ஜன்னல் திறந்திருந்ததால் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். "பதினோரு வருஷமா ஊர் ஊராப் போயி எல்லா வீட்டுச் சமையக்கட்டுலயும் உக்காந்து காப்பி குடிச்சாச்சு, ஆர்வில். எனக்குக் காப்பி போதும். நீ காரைப் பாக்கணும்னு ஆசைப்பட்ட. நான் கார்ல போகணும்னு ஆசைப்பட்டேன். ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சு இவ்வளவு நாள் கூட வந்துட்டேன்."

ஆர்வில் வெளியே போய்க் கருவிப்பெட்டியைத் திறந்தார். பிரேக்கை மட்டும் அன்றே சரிசெய்தார். பிரேக் இல்லாத வண்டியில் மனைவியை அனுப்ப அவரால் முடியாது. மற்றபடி ஒரு ஆணியைக்கூடத் தொடவில்லை. அது மார்லிசின் கார்.

மார்லிஸ் தினமும் அதில்தான் ஏலக்கொட்டகைக்குப் போனார். மழை பெய்த நாளில் தரை ஓட்டை வழியாகச் சேற்றுத் தண்ணீர் அடித்து அவர் பாவாடை நனைந்தது. மறுநாள் சமையலறையிலிருந்து பிஸ்கட் சுடும் தகரத் தட்டை எடுத்துப்போய் ஓட்டையின் மேல் போட்டு, அதன் மேல் கால் வைத்து ஓட்டினார். தட்டு கடகடவென்று ஆடியது. அவர் வருவது தெருமுனையிலேயே தெரியும். நான்கைந்து நாள் ஆர்வில் அந்தச் சத்தத்தைத் தாங்கிக்கொண்டார். ஒரு சாயங்காலம் அவர் காரின் கதவைத் திறந்துபோட்டுத் தரையை அளந்துகொண்டிருப்பதைப் பார்த்தேன். தண்ணீர் நிலையத்தில் கழித்துப்போட்ட ஒரு தொட்டி மூடியைக் கேட்டு வாங்கி, வெட்டி, ஓட்டைக்குப் பொருத்திப் பற்றவைத்தார். அயோவாவிலேயே அவ்வளவு கெட்டியான கார்த்தரை வேறு இருந்திருக்காது. பிஸ்கட் தட்டைக் கழுவி அடுக்கில் வைத்தார்.

தரைக்குப் பிறகு ஸ்பிரிங். ஸ்பிரிங்குக்குப் பிறகு சைலன்சர். காப்பி மேசையில் அவர் பேச்சு மாறிவிட்டது என்று லைல் சொன்னார். முன்பெல்லாம் பார்த்த கார்களைப் பற்றிச் சொல்லுவார், இப்போது எஞ்சின் கேஸ்கட்டைப் பற்றிச் சொல்லுகிறார், கேட்கிறவனுக்கு இரண்டும் ஒரே வேதனைதான் என்றார்.

அடுத்த வருட ஆகஸ்டில் மார்லிசின் தங்கையைப் பார்க்கத் தெற்கு டகோட்டாவுக்கு அந்தக் காரிலேயே போவதென்று முடிவானது. மார்லிஸ்தான் முடிவு செய்தார். ஆர்வில் மூன்று வாரம் பயந்துகொண்டிருந்தார். ஒரு பெட்டி நிறைய உதிரிச் சாமான், இரண்டு கேன் எண்ணெய், ஒரு கேன் தண்ணீர் ஏற்றினார். மிசூரி ஆற்றைத் தாண்டி, மரமே இல்லாத புல்வெளியில் வெகுதூரம் போனபிறகு, வெப்பமானி முள் ஏறியது. எஞ்சின் மூடிக்கு அடியிலிருந்து வெள்ளையாக ஆவி வந்தது. வாட்டர் பம்ப் போய்விட்டது. உதிரிப் பெட்டியில் எல்லாம் இருந்தது, அது மட்டும் இல்லை.

ஒரு பண்ணைக்காரர் தன் லாரியில் கட்டி இழுத்து, பக்கத்துச் சின்ன ஊரின் பெட்ரோல் நிலையத்தில் விட்டார். பம்ப் வெளியூரிலிருந்து பஸ்ஸில் வர வேண்டும். அந்த வாரம் அங்கே குதிரையேற்றப் போட்டி. ஊரில் இருந்த ஒரே விடுதியில் ஓர் அறைகூட இல்லை. ராம்ப்ளரின் முன்சீட்டின் முதுகைப் பின்னால் சாய்த்தால் பின்சீட்டோடு சேர்ந்து படுக்கையாகிவிடும். அந்தக் காரில் அது ஒரு வசதி. பெட்ரோல் நிலையத்தின் பின்னால் நெட்டையான ஒரு காட்டன்வுட் மரத்தடியில் காரை நிறுத்திக்கொண்டு இருவரும் அங்கேயே தங்கினார்கள்.

இத்தனை வருடமும் எந்தப் பயத்தில் ஆர்வில் ஒவ்வொரு காரையும் வேண்டாமென்று சொன்னாரோ, அது இதுதான். தெரியாத ஊரில், ஓடாத காரோடு நிற்பது. மார்லிஸ் அவர் இடிந்துபோவார் என்று எதிர்பார்த்தார். முதல் நாள் மத்தியானம் வரைக்கும் அவர் காரையே சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு பெட்ரோல் நிலையக்காரரிடம் ஊர்த் தண்ணீரில் இரும்பு அதிகம் போலிருக்கிறதே என்றார். நிலையக்காரரின் மைத்துனர்தான் அந்த ஊர்த் தண்ணீர் நிலையத்தைப் பார்க்கிறவர். அவர் வந்தார். இரண்டு பேரும் சாயங்காலம் வரை வடிகட்டி மணலைப் பற்றிப் பேசினார்கள். இரவுச் சாப்பாட்டுக்கு அவர் வீட்டில் மாட்டு இறைச்சி வறுவலும் மக்காச்சோளமும். மறுநாள் அந்தக் குடும்பத்தோடு குதிரையேற்றம் பார்க்கப் போனார்கள். யாரோ ஒருவர் ஆர்விலிடம், வாங்குவதற்கு முன்னால் காரைச் சரியாகப் பார்க்கவில்லையா என்று கேட்டார்.

"நான் வாங்கல. என் வொய்ஃப் வாங்கினா" என்றார் ஆர்வில். "அவ பாக்கவே இல்ல." அதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்தார் என்று மார்லிஸ் சொன்னார். கல்யாணமாகி அத்தனை வருடத்தில் முன்பின் தெரியாதவர்கள் நடுவில் அவர் வாய்விட்டுச் சிரித்து மார்லிஸ் பார்த்தது அதுதான் முதல் தடவையாம்.

பம்ப் வந்தது. ஆர்விலே மாட்டினார். தங்கை வீட்டில் ஒருநாள்தான் இருக்க முடிந்தது. தங்கைக்கு அதில் வருத்தம்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் அவர்கள் கார் பார்க்கப் போனதில்லை. ஊரில் வேறு யாராவது பழைய கார் வாங்கப் போனால் ஆர்விலைத் துணைக்குக் கூப்பிட்டார்கள். அவரும் போனார். முன்னைப்போலவே எல்லாக் குறைகளையும் சொன்னார். வாங்கலாமா என்று கேட்டால் மட்டும், அது உன் பாடு என்பதுபோலத் தோளைக் குலுக்குவார். கூட்டிக்கொண்டு போனவர்களுக்கு அது எரிச்சலாக இருந்தது.

ஆர்வில் தன் பணத்தில், தன் முடிவில் ஒரு பழைய கார் வாங்கியது ஒரே ஒரு தடவை. ஒரு நவம்பரில் சோள வயலிலிருந்து மான் ஒன்று பாய்ந்து ராம்ப்ளரின் வலது முன்பக்கத்தை நசுக்கிவிட்டது. மார்லிசுக்கு ஒன்றும் ஆகவில்லை. மான் எழுந்து போய்விட்டது. காப்பீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, இந்தக் காரின் மதிப்பைவிட புது மட்கார்டின் விலை அதிகம், இரும்புக்குப் போட்டுவிடுங்கள் என்றார். அடுத்த கவுன்டியில் ஒரு பன்றிக் கொட்டிலின் பின்னால் அதே மாதிரி ராம்ப்ளர் ஒன்று, வெள்ளை நிறத்தில், நான்கு சக்கரமும் மண்ணில் புதைந்து கிடப்பதாக லைல் சொன்னார். ஆர்வில் போனார். எஞ்சினுக்குள் எலி குடியிருந்தது. கூரை வழியாக ஒரு மரக்கன்று எட்டிப் பார்த்தது. வலது முன்மட்கார்டு மட்டும் முழுசாக இருந்தது. கொட்டில்காரர் விலையைச் சொல்லி முடிப்பதற்குள் ஆர்வில் பணப்பையை எடுத்துவிட்டார்.

"ஏம்ப்பா" என்றார் லைல், தாங்க முடியாமல். "ஓடுற காரை எல்லாம் வேணாம்னு சொல்லிட்டு, மரம் மொளச்சதைப் பத்து நிமிஷத்துல வாங்குற."

"இதுல ஏமாத்துறதுக்கு ஒண்ணும் இல்லையே" என்றார் ஆர்வில்.

லைலின் டிராக்டரால்தான் அதை இழுத்து வந்தார்கள். லைலின் நிலத்தில்தான் இன்னமும் கிடக்கிறது. மட்கார்டு, முகப்பு விளக்கு வளையம், ஒரு கதவின் கைப்பிடி, கண்ணாடி என்று ஒவ்வொன்றாக அதிலிருந்து கழன்று வந்தன. வெள்ளை மட்கார்டுக்குப் பச்சை அடிக்கலாமே என்று நான் கேட்டேன். அடித்தால் அடியில் என்ன இருக்கிறதென்று மற்றவர்களுக்குத் தெரியாமல் போய்விடும் என்றார். கேலியா, நிஜமாகத்தான் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. இன்றுவரை பச்சைக் காரில் அந்த ஒரு மட்கார்டு வெள்ளைதான்.

ஆர்வில் ஓய்வுபெற்று வெகுநாளாகிறது. முழங்கால் மடங்குவதில்லை, அடியில் படுக்கிற வேலைக்குக் காசு கொடுத்து ஆள் வைக்கிறார், அந்த ஆளை நின்று மேற்பார்வை பார்க்கிறார். மார்லிஸ் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் ஏலக்கொட்டகைக்குப் போகிறார். போன குளிர்காலக் கடைசியில் அவருக்கு இடுப்பெலும்பில் அறுவைச் சிகிச்சை ஆனது. வீட்டுக்கு அனுப்பும் நாளில், தணிவான காரிலும் உட்காரக் கூடாது, உயரமான வண்டியிலும் ஏறக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பெஞ்சு சீட்டு சரியான உயரம். பனியை உருக்கச் சாலையில் போட்ட, தகட்டை அரிக்கிற உப்பு கரைந்து ஓடுகிற வரைக்கும் ராம்ப்ளரை வெளியே எடுப்பதில்லை என்று ஆர்வில் வைத்திருந்த விதி அன்று தளர்ந்தது.

மருத்துவமனை வாசலில் சாவியை வாங்கிக் கார்களை நிறுத்தித் தருகிற ஊழியர் உள்ளே ஏறி உட்கார்ந்து தரையில் கியரைத் தேடினார். கிடைக்கவில்லை. இறங்கி, சாவியைத் திருப்பிக் கொடுத்து, நீங்களே ஓட்டிக்கொள்ளுங்கள் சார் என்றார். ஆர்வில் காரை வாசலோடு ஒட்டி நிறுத்தி, மார்லிசைக் கைத்தாங்கலாக ஏற்றி, முதுகுக்குத் தலையணை வைத்தார். வீட்டுக்கு ஒரு மணி நேர ஓட்டம். மெதுவாகத்தான் வந்தார், பின்னால் ஏழெட்டுக் கார்கள் வரிசை கட்டின. பாதி வழியில் ஓரம் கட்டி அவர்களை எல்லாம் போகவிட்டார். போகிறவர்களில் சிலர் கையசைத்தார்கள். ஒருவர் கண்ணாடியை இறக்கி, விற்கிறீர்களா என்று கேட்டார்.

ஆர்வில் மார்லிசைப் பார்த்தார். மார்லிஸ் வலி மாத்திரையின் அசதியில் கண்ணை மூடியிருந்தார்.

"ஓனர் தூங்குறாங்க" என்று சொல்லிவிட்டு அவர் கியரை மாற்றினார்.